மேடு பள்ளம் கடக்கும் ஊர்தி



மோட்டார் ஊர்தியைப் பற்றிப் பேசுவதற்குப் பொறியியலாளர் ஒருவரையன்றோ அழைத்திருக்க வேண்டும். கலைத்துறையிற் பட்டம் பெற்றுப் பாடசாலை அதிபராயிருப்பவருக்கு இதில் என்ன வேலை என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. ஆயினும், ஒரு கருவியை ஆக்குபவர் அறிய வேண்டியது ஒன்று. அதனோடு ஒரே வீதியில் வாழும் சமுதாயம் அறிய வேண்டியது வேறொன்று. இவ்விரண்டாவது அறிவு நம் எல்லோருக்கும் உரியது. 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் விற்பனையான புதிய கார்களுள் ஏறத்தாழப் பாதி, எஸ்.யு.வி. என்னும் மூன்றெழுத்துப் பெயர் பூண்ட உயரமான வண்டிகளே. அவ்வினத்தின் உச்சியில் நிற்கும் விலையுயர்ந்த வண்டிகள், காடு மேடு கடக்கும் ஆற்றலும் மாளிகையின் சுகமும் ஒருங்கே உடையன என விளம்பரஞ் செய்யப்படுகின்றன. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா? அந்த ஆற்றல் வண்டியின் எப்பாகத்தில் இருக்கின்றது? அதனால் விளையும் பயன் யாது? இவற்றையே இன்று உங்களோடு ஆராய விழைகின்றேன்.

பொதுப்படப் பேசுவதிலும் ஓர் ஊர்தியை எடுத்துக்கொண்டு பேசுதல் தெளிவு தரும். ஆதலின் இங்கிலாந்தின் றேஞ்ச் றோவர் என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். இவ்வினத்தில் முதன்முதற் பிறந்தது இதுவே என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டிலேயே ஜீப் வாகனீர் வெளிவந்துவிட்டது. எனினும் பின்னர் வந்தோர் பலர் தம் வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக அமைந்தது றேஞ்ச் றோவரே.

அதன் குலத்தை அறியாமல் குணத்தை அறிய முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். றோவர் கம்பனியின் தலைமைப் பொறியியலாளராயிருந்த மொறிஸ் வில்க்ஸ் என்பார், வேல்ஸ் நாட்டை அடுத்த ஆங்கிள்சி தீவிலிருந்த தம் பண்ணையில் இராணுவம் கழித்துவிட்ட ஜீப் வண்டியொன்றைப் பயன்படுத்தி வந்தார். அது தேய்ந்துவிட்டால் அதனிடத்தில் வைப்பதற்கு வேறு வண்டி இல்லையே என்ற எண்ணத்திலிருந்து 1947இல் ஒரு திட்டம் உருவாயிற்று. அக்காலத்தில் இங்கிலாந்தில் உருக்குக்குக் கட்டுப்பாடு இருந்தமையால் உடற்பகுதியை அலுமினியக் கலவையாற் செய்தனர். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட் றோவர் என்னும் பெயரோடு அவ்வண்டி உலகின் முன் வந்தது. உழவனுக்கும் தோட்டக்காரனுக்கும் உரிய வண்டி அது. மெத்தையைப் பற்றியோ மேனிப் பொலிவைப் பற்றியோ எவரும் அதனிடம் கேட்கவில்லை. நம் நாட்டு மலைத் தோட்டப் பாதைகளிலும் அவ்வண்டி பல்லாண்டு உழைத்ததைக் கண்டவர்கள் நேயர்களுட் பலர் இருப்பீர்கள்.

அந்த வண்டியின் வலிமைக்கு ஒரு விலை இருந்தது. அதன் அச்சுகளைத் தாங்கியவை தடித்த இலைவில்கள். அவை பாரத்தைத் தாங்கும். ஆனால் எளிதில் வளையமாட்டா. குழியில் விழுந்த ஒவ்வொரு முறையும் அவ்வதிர்ச்சி ஏறியிருப்பவரின் முதுகெலும்பைச் சென்று சேரும். 1960களின் நடுப்பகுதியில், வில்க்ஸ் சகோதரரின் மருமகனாகிய சாள்ஸ் ஸ்பென்சர் கிங் என்ற பொறியியலாளர், கோர்டன் பாஷ்போட் என்ற துணைவரோடு சேர்ந்து வேறு வழியை நாடினார். இலைவில்லை நீக்கி, மென்மையான நீண்ட சுருள்வில்களை நான்கு சில்லுகளுக்கும் அமைத்தார். அவ்வண்டியே 1970ஆம் ஆண்டு யூன் மாதத்தில் றேஞ்ச் றோவர் என்னும் பெயருடன் 1,998 பவுண் விலையில் வெளிவந்தது.

இங்கேதான் நம் முதற் கேள்விக்கு விடை இருக்கின்றது. சுகமும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று பகையானவை என்று நாம் எண்ணுகிறோம். இந்த வண்டியில் இரண்டும் ஒரே வில்லிலிருந்து பிறந்தன. எப்படியெனில், கரடுமுரடான நிலத்தில் வண்டி நின்றுவிடுவதற்குப் பெருங்காரணம் இயந்திரத்தின் வலிமைக் குறைவன்று. சில்லு நிலத்தை விட்டு எழும்பிவிடுவதே. ஒரு சில்லு பாறைமேல் ஏறுகையில் எதிர்மூலைச் சில்லு அந்தரத்திற் தொங்குமாயின், அதற்குக் கொடுத்த வலிமையெல்லாம் காற்றிலே சுழன்று வீணாகும். நீண்ட மெல்லிய சுருள்வில்லோ, ஒரு பக்கம் மடங்கி மறுபக்கம் நீண்டு, நான்கு சில்லுகளையும் நிலத்தோடு ஒட்டியே வைத்திருக்கும். பள்ளத்தில் பற்றுக்கோடு தருவதும், நல்ல வீதியில் குலுக்கலைத் தணித்துச் சுகந் தருவதும் அவ்வொரே குணமே. சுகத்துக்காக ஆற்றலைக் குறைக்கவில்லை. ஆற்றலுக்காகச் செய்த அமைப்புச் சுகத்தையும் உடன் கொணர்ந்தது.

இனி, சில்லுக்கு வலிமை சென்று சேரும் வழியைப் பார்ப்போம். வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு கூடிய தூரமும் உட்புறச் சில்லு குறைந்த தூரமும் ஓட வேண்டும். இவ்வேறுபாட்டுக்கு இடங்கொடுப்பதற்காக அச்சின் நடுவிலே டிபரென்ஷல் என்னும் பற்சக்கரத் தொகுதி உண்டு. வீதியில் இது இன்றியமையாதது. சேற்றிலோ இதுவே சத்துருவாகிவிடும். இரு சில்லுகளுக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைப் பகிர்வது இதன் இயல்பு. ஒரு சில்லு வழுக்குமிடத்தில் நின்றால், அதனைச் சுழற்றப் போதுமான சிறிதளவு விசைதான் உறுதியான நிலத்தில் நிற்கும் மற்றச் சில்லுக்கும் கிடைக்கும். வலிய கால் ஒன்றிருந்தும், நொண்டிக் காலின் அளவுக்கே நடக்க முடிகின்ற நிலை இது.

றேஞ்ச் றோவரில் நான்கு சில்லுகளும் எப்பொழுதும் இயந்திரத்தோடு இணைந்தே இயங்கும்படி செய்தனர். அதனால் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலும் ஒரு டிபரென்ஷல் தேவைப்பட்டது. வழுக்கல் நிலம் வந்தால் அதனைப் பூட்டிவிடலாம். பூட்டியபின் முன்னச்சு வழுக்கினாலும் பின்னச்சு தள்ளும். நல்ல வீதிக்கு வந்ததும் பூட்டைத் திறந்துவிட வேண்டும். இல்லையேல் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கி நோகும். வலிமை இரண்டு அச்சுகளுக்கும் பிரிந்து சென்றமையால் ஒவ்வோர் அச்சையும் சற்று இலேசாகச் செய்யவும் முடிந்தது. அச்சு இலேசாகவே வில்லும் விரைந்து தன் வேலையைச் செய்தது. ஒரு நன்மை மற்றொரு நன்மைக்கு வழிவிட்டமை இங்கே கவனிக்கத்தக்கது.

இயந்திரம், 3.5 லீற்றர் கொள்ளளவும் எட்டு உருளைகளும் உடையது. அமெரிக்கப் பியூயிக் கம்பனியின் அமைப்பொன்றின் உரிமையைப் பெற்று றோவர் கம்பனியார் உருவாக்கியது. அலுமினியத்தாலானமையால் இலேசானது. அதன் வலிமை ஏறத்தாழ 130 பரிவலு. வண்டி மணிக்கு ஏறத்தாழ 95 மைல் வேகத்தில் ஓடவல்லது. அந்நாளில் இவ்வினத்து வண்டிக்கு அது பெரிய வேகமே. ஆனாற் காட்டுப் பாதையில் உதவுவது இவ்வேகமன்று. கியர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு கோல் இருந்தது. அதனை இழுத்தால் எல்லாக் கியர்களும் தாழ்நிலைக்கு மாறும். அப்பொழுது மனிதன் நடக்கும் நடையிலும் மெதுவாக வண்டி ஊர்ந்து செல்லும். வேகம் குறைந்த அளவுக்கு முறுக்கு விசை கூடும். செங்குத்தான சரிவில் இறங்கும்போதும், பிறேக்கை மிதித்துச் சில்லைப் பூட்டிச் சறுக்கிப் போகாமல், இயந்திரமே வண்டியைப் பின்னிருந்து பிடித்திழுக்கும். காட்டு வழியிற் கெட்டிக்காரச் சாரதி என்பவர் விரைபவரல்லர். எவ்வளவு மெதுவாகச் செல்லலாம் என்று அறிந்தவரே.

இவற்றோடு வண்டியின் உருவமும் சேர வேண்டும். முன்சில்லுக்கு முன்னால் மூக்கு நீண்டிருந்தால் மேட்டில் ஏறுமுன் மூக்கு முட்டும். பின்சில்லுக்குப் பின்னால் வால் நீண்டிருந்தால் இறங்கும்போது வால் இடிக்கும். இரு சில்லுகளுக்கும் இடைவெளி மிகுந்தால் வரப்பின்மேல் வயிறு தட்டும். ஆகவே சில்லுகளை மூலைகளுக்குத் தள்ளி வைத்து, வயிற்றை உயர்த்தி வைப்பது இவ்வினத்தின் இலக்கணம். அழகுக்காகச் செய்ததன்று, ஆயினும் அழகும் அமைந்துவிட்டது. பாரிஸ் நகரின் லூவர் மாளிகையில், தொழில் வடிவமைப்புக்கு முன்மாதிரியாக இவ்வண்டி காட்சிக்கு வைக்கப்பட்டது. அப்பொழுது இதன் உட்புறத்தில் தோலும் இல்லை, பளபளக்கும் மரமும் இல்லை. சேறு படிந்தால் நீரடித்துக் கழுவிவிடக்கூடிய தரையே இருந்தது.

சொல்லிய பெருமையெல்லாம் சோதனையில் நிற்குமா? 1971ஆம் ஆண்டு திசெம்பரில் பிரித்தானிய இராணுவத்தினர் மேஜர் ஜோன் பிளாஷ்போட் ஸ்னெல் என்பவரின் தலைமையில், இரண்டு றேஞ்ச் றோவர் வண்டிகளோடு வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே தென்னமெரிக்காவின் கோடிவரை புறப்பட்டனர். வழியிலே பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையில் டேரியன் இடைவெளி உள்ளது. வட அமெரிக்காவையும் தென்னமெரிக்காவையும் இணைக்கும் நெடுஞ்சாலை இன்றும் அங்கே அறுந்தே கிடக்கின்றது. எங்கும் சதுப்பும் காடும் ஆறும். அதனைக் கடப்பதற்கு மட்டும் அவர்களுக்கு ஏறத்தாழ 100 நாட்கள் சென்றன.

அப்பயணத்தில் நிகழ்ந்த ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிக உதவுவது. சதுப்பில் அமிழாதிருக்க வேண்டுமென்று வண்டிகளுக்கு மிகப் பெரிய ரயர்களைப் பூட்டியிருந்தனர். அவற்றின் பாரத்தையும் பிடியையும் தாங்கமாட்டாமல் அச்சுகளின் நடுவிலிருந்த டிபரென்ஷல்கள் உடைந்துபோயின. உதிரிப்பாகங்களும் உதவியும் வெளியிலிருந்து வந்த பின்னரே பயணம் தொடர்ந்தது. வழிகாட்டி முன்செல்வதற்கு, பழைய லாண்ட் றோவர் ஒன்றையும் அங்கே வாங்கிச் சேர்த்துக்கொண்டனர். ஆறுகளை மிதவைகளின்மேலும், பள்ளங்களை ஏணிகளைப் பாலமாக இட்டும் கடந்தனர். பாதை வெட்டியவை மனிதரின் கைகளே. 1972ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வண்டிகள் தென்கோடியை அடைந்தன. வெற்றிதான், ஐயமில்லை. ஆனால் யானைக்கும் அடி சறுக்கும் என்பது மெய்யாயிற்று. ஒரு பாகத்தை மட்டும் பெரிதாக்கினால் அதன் பாரம் இன்னொரு பாகத்தின்மேல் விழும் என்பதும், எந்த ஊர்தியின் ஆற்றலும் அதனைச் செலுத்துவோரின் உழைப்பையும் அறிவையும் சேர்த்தே அளக்கப்படும் என்பதும் அங்கே புலனாயின.

பின்னர் 1979இல் நடந்த முதலாவது பாரிஸ்–டக்கார் பாலைவன ஓட்டத்தில் கார்களுள் முதலாவதாக வந்தது றேஞ்ச் றோவரே. 1981இலும் அதே வெற்றி கிட்டியது. இப்புகழ் பரவப் பரவ, வாங்குவோர் மாறினர். வாங்குவோர் மாறவே வண்டியும் மாறிற்று. இரண்டு கதவுகளோடிருந்தது 1981இல் நான்கு கதவுகளைப் பெற்றது. 1982இல் தானாக மாறும் கியர் வந்தது. 1992இல் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த வில்கள் சில வகைகளிற் பொருத்தப்பட்டன. இவை வேண்டும்போது வண்டியை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்லவை. உள்ளே தோலும் மரமும் வந்தன. கம்பனியும் கைமாறிக் கைமாறி, 2008ஆம் ஆண்டில் இந்தியாவின் டாட்டா நிறுவனத்தின் உடைமையாயிற்று.

இக்காலத்து வண்டியிற் பெரிய மாற்றம் மின்னணு மூளையே. முன்னே நான் சொன்ன டிபரென்ஷலின் குறை நினைவிருக்கும். வீணாகச் சுழலும் சில்லை உணர்கருவி கண்டறிந்து, அச்சில்லுக்கு மட்டும் பிறேக் இடுகின்றது. தடை ஏற்பட்டவுடன் மறுபக்கச் சில்லுக்கும் விசை போய்ச் சேர்கின்றது. நொண்டிக் காலைப் பிடித்து நிறுத்தி, வலிய காலை நடக்கவிடும் உபாயம் இது. மணல், சேறு, பாறை, பனி என நிலத்தின் வகையைத் தெரிவு செய்தால், அதற்கேற்ப இயந்திரத்தின் துடிப்பையும் கியரையும் வண்டியே ஒழுங்கு செய்யும் முறை 2004இல் அதே கம்பனியின் டிஸ்கவரி வண்டியில் அறிமுகமாகிப் பின்னர் இதற்கும் வந்தது. 2012இல் வெளிவந்த தலைமுறையில் உடல் முழுதும் அலுமினியமாகி, முந்தியதிலும் 420 கிலோகிராம் வரை பாரம் குறைந்தது. 900 மில்லிமீற்றர் ஆழமுள்ள நீரைக் கடக்கலாம் என்றும் சொல்லப்பட்டது. 2021இல் அறிமுகமான ஐந்தாந் தலைமுறையின் வலிய வகை 530 பரிவலு உடையது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை 5 வினாடிக்குள் எட்டுவது. தேர்ந்த சாரதி பல்லாண்டு பயின்று பெற்ற வித்தையை, இன்று ஒரு பொத்தான் பெரும்பாலும் செய்துவிடுகின்றது.

இவ்வளவும் கேட்டபின், முதல் வண்டியை விட இன்றைய வண்டி எல்லா வகையிலும் மேலானது என்று முடிவு செய்வது எளிது. ஆனால் நிலத்தைத் தொடுவது மின்னணு மூளையன்று, ரயரே. நான்கு ரயர்கள் நிலத்தைத் தொடும் நான்கு சிறு பரப்புகளின் மூலமே வண்டியின் வலிமை முழுதும் வெளிப்பட வேண்டும். முதல் வண்டியின் சில்லு 16 அங்குலம். அதனைச் சூழ்ந்த ரயர் தடித்தது. மணலில் காற்றைக் குறைத்தால் அது பரந்து படிந்து பிடி கொடுக்கும். கல்லில் மோதினால் நெகிழ்ந்து கொடுக்கும். இன்று அழகுக்காக 23 அங்குலச் சில்லுவரை தருகின்றனர். சில்லு பெருத்தால் அதனைச் சுற்றியுள்ள ரயர் மெலியும். மெலிந்த ரயர் கூரிய கல்லிற் கிழியும். காற்றைக் குறைக்கவும் இடம் கொடாது. வாங்கும்போது கண்ணுக்கு இனிதானது, காட்டிலே காலை வாரிவிடும். ஆற்றலும் அழகும் ஒன்றாய்ப் பிறந்த வண்டியில், அவை பிரிந்துபோகும் இடம் இதுவே.

இன்னொன்றும் மனங்கொள்ள வேண்டும். நான்கு சில்லுகளும் இயங்குவதால் வண்டி புறப்படுவதற்கும் ஏறுவதற்கும் உதவி உண்டு. நிற்பதற்கு உதவி இல்லை. பிறேக் எல்லாக் காருக்கும் நான்கு சில்லுகளில்தான் இருக்கின்றது. முதல் வண்டியின் பாரம் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் தொன். இன்றையதோ இரண்டரைத் தொன் அளவினது. பாரம் கூடினால் மோதலின் கொடுமையும் அதற்கேற்பக் கூடும். வேகம் இருமடங்கானால் அக்கொடுமை நான்கு மடங்காகும். மழைநாளில் வழுக்காமற் புறப்பட்டுவிட்ட வண்டி, வழுக்காமல் நின்றுவிடும் என்று நம்புகிறவர் பெளதிகத்தோடு பந்தயங் கட்டுகிறார். நீரைப் பற்றியும் அவ்வாறே. நூலிற் சொன்ன ஆழம் தேங்கிய நீருக்கு உரியது. ஓடும் நீரோ வண்டியைத் தூக்கிச் சில்லின் பிடியைக் குறைத்துப் பக்கவாட்டில் தள்ளும். ஆழந் தெரியாமற் காலை விடாதே என்ற பழமொழி நாலு காலுள்ள ஊர்திக்கும் பொருந்தும்.

இவ்வண்டியைப் படைத்த ஸ்பென்சர் கிங் தம் முதுமையில் ஒரு கருத்தை வெளிப்படையாகச் சொன்னார். இது அந்தஸ்தின் சின்னமாக ஆக்கப்பட்டதன்று என்றும், நகரத் தெருக்களில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடுவதற்காக இத்தகைய வண்டிகளை ஓட்டுவது அறிவுடைமையன்று என்றும் 2004ஆம் ஆண்டில் அவர் கண்டித்தார். பெற்ற தந்தையே சொன்ன சொல் இது. 2010ஆம் ஆண்டில் அவர் துவிச்சக்கர வண்டியிற் சென்றபோது வான் ஒன்றோடு ஏற்பட்ட விபத்தின் காயங்களால் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 85.

பள்ளி வாசலை நாள்தோறும் காண்பவன் என்ற முறையில் அவர் கூற்றின் பொருள் எனக்கு நன்கு விளங்குகின்றது. மணி அடித்ததும் பிள்ளைகள் வாசலிலிருந்து கூட்டமாய் வெளிவருகின்றனர். முதலாம் வகுப்புப் பிள்ளையின் தலை, இத்தகைய வண்டியின் முன்மூடியின் உயரத்தை ஒட்டியே நிற்கும். வண்டிக்கு மிக அருகில் நிற்கும் அப்பிள்ளை, மேலே இருப்பவரின் கண்ணுக்குத் தெரியாமற் போகக்கூடும். பாறையைக் காண்பதற்கு உயர்த்திய ஆசனம் பாலகனை மறைத்துவிடக்கூடும். புதிய வண்டிகளிற் காட்சிக் கருவிகள் இதற்கு ஓரளவு உதவுகின்றன. ஆனால் அவற்றைப் பார்க்கும் கண்ணும், பார்த்து நிறுத்தும் பொறுமையும் சாரதியிடமே உள்ளன.

நான் செல்வத்தைப் பழிக்க வரவில்லை. பொறியியலின் இந்த அரிய ஆக்கத்தைக் குறைத்துப் பேசவும் வரவில்லை. வைத்தியர் போகமுடியாத கிராமத்துக்கும், பாலம் உடைந்த ஊருக்கும், வனக் காவலுக்கும் இத்தகைய வண்டி ஒரு வரப்பிரசாதம். அங்கே அதன் ஒவ்வோர் அங்குல உயரத்துக்கும் வேலை உண்டு. அவ்வேலை இல்லாத இடத்தில் அதே உயரம் மற்றவர்க்குப் பாரமாகின்றது. ஆகவே வாங்க எண்ணுவோர், எத்தனை பரிவலு என்று கேட்குமுன், எந்தப் பாதைக்கு என்று தம்மையே கேட்பாராக. ரயரைப் பார்ப்பாராக. தாழ்கியர் இருக்கிறதா என்று அறிவாராக. வண்டியின் முன்னே தரையில் ஒரு சிறு பிள்ளை நின்றால் ஆசனத்திலிருந்து தெரியுமா என்றும் பார்ப்பாராக.

மென்மையான வில் நான்கு சில்லுகளையும் நிலத்தோடு வைத்திருந்தது. அதுவே அவ்வண்டியின் வலிமையாயிற்று. அவ்வண்டியை ஓட்டுபவரும் நிலத்தில் நடப்பவரை மறவாதிருத்தல் வேண்டும்.